ஆறு ஸ்கிரீன், ஒரே ஒரு தலை: சொந்தச் செலவில் சூனியம்

டிஸ்கி: இது எந்தப் பங்கை வாங்கலாம், எதை விக்கலாம்னு சொல்ற பதிவு இல்லை. மானிட்டர், கிராஃபிக்ஸ் கார்டு பத்தின பதிவு. ஆனா படிச்சு முடிக்கிறப்ப மானிட்டர் பத்தினதா மட்டும் இருக்காது. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சித்தப்பா பையன் வீட்டுக்கு வந்தான். வந்தவன் காபி கூடக் குடிக்கலை. சட்டைப் பையில இருந்து நாலா மடிச்ச பேப்பர் ஒண்ணை எடுத்து டீபாய் மேல வெச்சான்.

"அண்ணா, ஒரு கொட்டேஷன். நீ பொட்டி தட்டுறவன், உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். எந்த கார்டு போடலாம்னு மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் நான் முடிவு பண்ணிட்டேன்."

பிரிச்சுப் பாத்தேன். 27 இஞ்ச் வளைஞ்ச கேமிங் மானிட்டர் ஆறு, 165 ஹெர்ட்ஸ். 12 ஜிபி கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டு. 850 வாட்ஸ் பவர் சப்ளை. தண்ணி ஓடுற கூலர். கலர் கலரா மின்னுற கேபினெட். ஆறு மானிட்டரையும் தாங்குற இரும்பு ஸ்டாண்டு. மொத்தம் 3 லட்சத்து 18 ஆயிரம்.

தம்பி சிப்காட்ல ஒரு சின்ன யூனிட்ல சி.என்.சி. ஆபரேட்டர். மாசம் 19 ஆயிரம் சம்பளம். வேலையை விடப் போறானாம். பி.எஃப். பணம் கொஞ்சம் வருமாம். மிச்சத்துக்கு அவன் பொண்டாட்டி நகை இருக்காம். இனிமே முழு நேரமும் ஆப்ஷன் டிரேடிங்தானாம்.

"கார்டு மட்டும் சொல்லு"ன்னா எப்படிடா சொல்றது? அதான் இந்தப் பதிவு. அவனுக்குச் சொன்னதையும், சொல்ல வந்து தொண்டையிலயே நின்னதையும் சேர்த்து இங்க கொட்டிடறேன்.

முதல்ல ஒரு பாவமன்னிப்பு. மூணு வருஷம் முன்னாடி எங்க தெருவுல இருக்குற ஒருத்தருக்கு இதே மாதிரி ஆறு ஸ்கிரீன் மேஜையை நான்தான் போட்டுக் குடுத்தேன். அவர் கார்லயே பெங்களூர் எஸ்.பி. ரோடு போனோம். ஒசூர்ல இருந்து நாப்பது கிலோமீட்டர்தான். அந்தக் காலத்துல பெங்களூர்ல பொட்டி வாங்கினா ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டுற வரைக்கும் பில்லைக் கையில பிடிச்சுக்கிட்டு சாமி கும்பிட்டுக்கிட்டே வருவோம். 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்புறம் அந்த பயம் போச்சு. அதனால ஆறு மானிட்டரையும் பின் சீட்டுல அடுக்கிக்கிட்டு, அத்திப்பள்ளியில டீ குடிச்சுட்டு ஜாலியா வந்தோம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒயரை இழுத்துக் கட்டி, ஆறும் ஒண்ணா எரிஞ்சப்ப எனக்கு அவ்வளவு பெருமை. போட்டோ எல்லாம் எடுத்தேன். ஹி ஹி.

எட்டு மாசம் கழிச்சு அவரே கூப்பிட்டார். "தம்பி, இதையெல்லாம் யாராச்சும் வாங்குவாங்களா பாருங்களேன்"னார். குரலே மாறிப் போயிருந்தது. பாதி விலைக்குக் கூடப் போகலை. அந்த மானிட்டர்ல ஒண்ணுல உக்காந்துதான் இதைத் தட்டுறேன். அவருக்காக நான் வாங்கிக்கிட்டேன்னு வெளிய சொல்லிக்குவேன். உண்மையில குற்ற உணர்ச்சி.

அன்னிக்கு அவர்கிட்ட நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கணும். கேக்கலை. எந்த கார்டு, எத்தனை போர்ட்டு, எந்த கேபிள்னு நுணுக்கமா பேசிக்கிட்டே இருந்துட்டேன். பொட்டி தட்டுறவனுக்கு இதான் வியாதி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுவான், கேக்க வேண்டிய கேள்வியை விட்டுடுவான்.

சரி, முதல்ல கேட்ட கேள்விக்கே வர்றேன். ஏன்னா அந்த கொட்டேஷனே தப்பு. வரி வரியா பாக்கலாம்.

12 ஜிபி கார்டு எதுக்கு? கேமிங் கார்டோட வேலை முப்பரிமாண உருவங்களை நொடிக்கு நூறு தடவை கணக்குப் போட்டு வரையறது. கேண்டில்ஸ்டிக் சார்ட்டுல என்ன இருக்கு? ஒரு செவ்வகம், மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. பச்சை, சிவப்பு. அவ்வளவுதான். ஒரு கணக்கு போடுங்க. ஃபுல் ஹெச்.டி. மானிட்டர்ல 1920 பெருக்கல் 1080 புள்ளி. ஆறு மானிட்டருக்கு சுமார் ஒரு கோடியே 24 லட்சம் புள்ளி. புள்ளிக்கு 4 பைட்டுன்னா ஒரு முழுப் படத்துக்கு 50 எம்.பி. கிட்ட. ஆறும் 4கே-வா இருந்தாலும் 200 எம்.பி. விண்டோஸ் பல அடுக்கா வெச்சுக்கும்னு பல மடங்கு போட்டாலும் ஒண்ணு ரெண்டு ஜிபிக்குள்ள அடங்கிடும். ரெண்டு கார்டுலயும் சேத்து 24 ஜிபி வாங்குறது, தெருமுனைக் கடைக்குப் போய் தயிர் வாங்க லேலண்டு லாரி எடுக்குற மாதிரி.

அப்ப ரெண்டு கார்டு ஏன் போட்டிருக்கான்? இங்கதான் கடைக்காரனுக்குக் கொஞ்சம் விஷயம் தெரிஞ்சிருக்கு. ஜீஃபோர்ஸ் கார்டு எவ்வளவு விலை குடுத்து வாங்கினாலும் ஒண்ணுல அதிகபட்சம் நாலு மானிட்டர்தான் ஓடும். ஆறுக்கு ரெண்டு கார்டுன்னு முடிச்சுட்டான். ஆனா இண்டெல் ப்ராசஸருக்குள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கு. 2012-ல வந்த ஐவி பிரிட்ஜ் காலத்துலயே மூணு மானிட்டர் ஓட்டிச்சு. புதுசுல நாலு வரைக்கும் ஓடும். மதர்போர்டுல அத்தனை போர்ட்டு இருக்கான்னு பாக்கணும், பயாஸ்ல உள் கிராஃபிக்ஸை அணைக்காம விடணும், அவ்வளவுதான். உள்ள ரெண்டு, கார்டுல நாலு, ஆறாச்சா? ஆனா கொட்டேஷன்ல இருக்குற ப்ராசஸர் பேரு கடைசியில 'எஃப்'னு ஒரு எழுத்து. எஃப் போட்ட இண்டெல் ப்ராசஸர்ல உள் கிராஃபிக்ஸே கிடையாது. உள்ள வர்றதை எடுத்துட்டு, வெளிய ரெண்டு கார்டை வித்துட்டான்.

நிஜமாவே நாலு ஸ்கிரீன் வேணும்னா அதுக்குன்னே சாந்தமான கார்டு இருக்கு. என்விடியா டி400-ல மூணு மினி டிஸ்ப்ளே போர்ட்டு, 30 வாட்ஸ். டி1000-ல நாலு, 50 வாட்ஸ். தனியா பவர் ஒயர் கூடத் தேவையில்லை, ஸ்லாட்டுல வர்ற கரண்டே போதும். பழைய ஜிடி 710-லயே நாலு ஹெச்.டி.எம்.ஐ. வெச்ச ஒரு மாடலை ஆசஸ் போட்டது, அதுலயும் சார்ட்டு ஓடும். இதோட ஒப்பிட்டா ஆர்.டி.எக்ஸ். 4090 மட்டும் 450 வாட்ஸ் குடிக்கும். அதை வெச்சு நிஃப்டி சார்ட்டு பாத்தா நிஃப்டி வேகமா ஏறாது, இ.பி. பில்லு வேணா ஏறும்.

இன்னொரு பொறி, ஹெச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர். "ஒண்ணை மூணாப் பிரிச்சுடலாம் சார்"னு விப்பாங்க. பிரியும். மூணுலயும் ஒரே படம் தெரியும். ஒரே நஷ்டத்தை மூணு தடவை பாக்கலாம் :-)

அடுத்து 165 ஹெர்ட்ஸ். துப்பாக்கி சுடுற விளையாட்டுக்கு அது வேணும், ஒத்துக்கறேன். நம்ம வீட்டுக்கு புரோக்கர் அனுப்புற விலை ஒவ்வொரு வியாபாரமும் இல்லை, அப்பப்ப எடுத்த துண்டுப் படம் மாதிரி. அதைக் காட்ட 60 ஹெர்ட்ஸ் தாராளம். வளைஞ்ச ஸ்கிரீன்ல நேர்கோடு ஆதரவு எதிர்ப்பு வரைஞ்சு பாருங்க, உங்களுக்கே சிரிப்பு வரும். 27 இஞ்ச்ல வெறும் ஃபுல் ஹெச்.டி. வாங்கினா இஞ்ச்சுக்கு 82 புள்ளிதான், எழுத்து பொரிபொரியா இருக்கும். 24 இஞ்ச்சுல அதே ரெசல்யூஷன் 92. நாள் முழுக்க எண்ணு படிக்கிறவனுக்கு 24 இஞ்ச் தட்டையான ஐ.பி.எஸ். போதும். கண்ணுக்கு நல்லது, பர்ஸுக்கும் நல்லது. ஓஎல்ஈடி பக்கமே போகாதீங்க. அசையாத சார்ட்டும் மெனு பட்டையும் நாள் முழுக்க அதே இடத்துல நின்னா தழும்பு விழுந்துடும்.

பெரிய இடம் வேணும்னா 43 இஞ்ச் 4கே ஒண்ணு போதும். அதுல இருக்குற புள்ளி நாலு 21.5 இஞ்ச் ஃபுல் ஹெச்.டி. மானிட்டரை ஒட்டி வெச்சா எவ்வளவோ அவ்வளவு. நடுவுல கறுப்புச் சட்டம் இல்லை, ஒரே ஒரு கேபிள், ஒரே ஒரு பிளக்கு. 32 இஞ்ச்சுக்கு மேல இருந்தா 28 சதவீத வரின்னு முந்தி தள்ளி வெச்சிருந்தோம். 2025 செப்டம்பர்ல அதுவும் 18-க்கு வந்துடுச்சு.

கொட்டேஷன்ல இல்லாதது எது தெரியுமா? யு.பி.எஸ். அப்புறம் ரெண்டாவது இண்டர்நெட். 850 வாட்ஸ் பவர் சப்ளை போட்டவன், கரண்டு போனா என்ன பண்றதுன்னு ஒரு வரி எழுதலை. 600 வி.ஏ. யு.பி.எஸ். தர்றது 360 வாட்ஸ். ஒரு சாதா பொட்டி, ரெண்டு மானிட்டர், ரௌட்டர் இதுக்குப் போதும். ரெண்டு கேமிங் கார்டும் ஆறு மானிட்டரும் இருக்குற மேஜைக்கு கரண்டு போன நொடியில படுத்துடும். கையில பொசிஷன் திறந்திருக்கு, ஸ்கிரீன் ஆறும் இருட்டு. அப்ப காப்பாத்தப் போறது அந்தச் செல்போன்தான். அதாவது ஏழாவது ஸ்கிரீன்.

ஆக கொட்டேஷன் காலி. மூணு லட்சத்தை அம்பதாயிரத்துக்குள்ள கொண்டு வந்துட்டேன். தம்பி முகத்துல அவ்வளவு சந்தோஷம். "பாத்தியா அண்ணா, இதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். மிச்சத்தை கேபிட்டல்ல போட்டுடலாம்!"

அப்பத்தான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அடப்பாவி, மறுபடியும் அதே தப்பைப் பண்றேனே! மேஜையோட விலையைக் குறைச்சுக் குடுத்து, குழியோட ஆழத்தைக் கூட்டிக் குடுத்திருக்கேன்.

இனிமே சொல்றதுதான் இந்தப் பதிவோட விஷயம்.

ஆறு ஸ்கிரீன் யாருக்குத் தேவை? பெரிய வங்கியோட டீலருக்கு. அவன் ஒரு ஸ்கிரீன்ல செய்தி பாப்பான், ஒண்ணுல வாடிக்கையாளரோட பேசுவான், ஒண்ணுல ஆர்டர், ஒண்ணுல அவன் புத்தகத்தோட மொத்த ரிஸ்க்கு, ஒண்ணுல கரன்சி, ஒண்ணுல பாண்டு. ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஒரு வேலை இருக்கு. அவனுக்குப் பின்னாடி ரிஸ்க் மேனேஜர்னு ஒருத்தன் நிக்கறான், எல்லை தாண்டினா கையைப் பிடிச்சு நிறுத்துவான். முக்கியமா, அது அவன் பணம் இல்லை. நம்மாளு அந்தப் போட்டோவைப் பாத்தான். ஸ்கிரீனை மட்டும் எடுத்துக்கிட்டான். ரிஸ்க் மேனேஜரை விட்டுட்டான். அந்த இடத்துல வீட்டுக்காரம்மா நிக்கறாங்க, அவங்களுக்கு என்ன நடக்குதுன்னே தெரியாது.

நம்மாளோட ஆறு ஸ்கிரீன்ல என்ன இருக்கும்? நிஃப்டி ஒரு நிமிஷம், நிஃப்டி அஞ்சு நிமிஷம், நிஃப்டி பதினஞ்சு நிமிஷம், பேங்க் நிஃப்டி, ஆப்ஷன் செயின், ஆறாவதுல யூட்யூப்ல யாரோ ஒருத்தர் "நண்பர்களே இப்ப பிரேக்அவுட்"னு கத்திக்கிட்டு இருப்பார். ஒரே விஷயம் ஆறு கண்ணாடியில. ஒண்ணு ஏறும்னு சொல்லும், ஒண்ணு இறங்கும்னு சொல்லும். எது சொல்றது நமக்குப் பிடிச்சிருக்கோ அதைப் பாத்து பட்டனை அமுக்கிடலாம்.

எண்ணைப் பாருங்க. நான் சொல்றதில்லை, செபி சொல்றது. 2024 செப்டம்பர்ல வந்த ஆய்வு. 2021-22-ல இருந்து 2023-24 வரைக்கும் மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ பண்ணின தனி நபர்கள் ஒரு கோடிக்கு மேல. அதுல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஆளுக்கு சராசரியா சுமார் 2 லட்சம். மொத்தமா 1.8 லட்சம் கோடிக்கு மேல. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல லாபம் பாத்தவங்க நூத்துக்கு ஒருத்தர்.

அந்தக் கடைசி எண்ணை இன்னொரு தடவை படிங்க. ஒரு லட்சத்துக்கு மேல பாத்தவனே நூத்துல ஒருத்தன். தம்பி கொட்டேஷன் 3 லட்சத்து 18 ஆயிரம். அந்த மேஜையோட விலையைத் திருப்பி எடுக்கறதுக்கே அவன் அந்த ஒருத்தனுக்கும் மேல இருக்கணும். அதுக்கப்புறம்தான் அரிசி, பருப்பு, பள்ளிக்கூட ஃபீஸ்.

2023-24-ல மட்டும் ஆளுக்கு சராசரியா 26 ஆயிரம் ரூபா புரோக்கரேஜ், வரி, கட்டணம்னே போயிருக்கு. தம்பி ஒரு மாசம் முழுக்க ஷிப்டு பாத்து வாங்குற சம்பளத்தை விட அதிகம். லாபமோ நஷ்டமோ, அதை முதல்ல எடுத்து வெச்சுடணும். அந்த வருஷம் அக்டோபர்ல, அதாவது 2024-ல, பரிவர்த்தனை வரியையும் ஏத்தினாங்க. 2024-25 கணக்கு 2025 ஜூலையில வந்துச்சு. 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1 லட்சத்து 5 ஆயிரம் கோடிக்கு மேல. முந்தின வருஷத்தை விட 41 சதவீதம் ஜாஸ்தி.

யாரு இவங்க? பம்பாய் பணக்காரங்களா? 72 சதவீதத்துக்கு மேல முதல் முப்பது நகரங்களுக்கு வெளிய இருக்கறவங்க. ஒசூர், கிருஷ்ணகிரி, பர்கூர், பாகலூர். முக்கால்வாசிக்கு மேல வருஷ வருமானம் 5 லட்சத்துக்குக் கீழன்னு சொன்னவங்க. முப்பது வயசுக்குக் கீழ இருக்கறவங்க பங்கு ஒரே வருஷத்துல 31-ல இருந்து 43 சதவீதமாச்சு. ஷிப்டு பஸ்ஸுல ஏறிப் பாருங்க, கேண்டீன் வரிசையில எட்டிப் பாருங்க. எத்தனை போன்ல பச்சை சிவப்பு ஓடுதுன்னு எண்ணுங்க. எனக்கு இதுல ரொம்ப வலிச்சது இன்னொரு வரி. தொடர்ந்து ரெண்டு வருஷம் நஷ்டப்பட்டும் முக்கால்வாசிப் பேர் நிறுத்தலை.

எதிர்ல உக்காந்திருக்கறது யாரு? அதே ஆய்வுல இருக்கு. 2023-24-ல சொந்தக் கணக்குல வியாபாரம் பண்ற பெரிய கம்பெனிங்க சுமார் 33 ஆயிரம் கோடி, வெளிநாட்டு நிறுவனங்க 28 ஆயிரம் கோடி லாபம். அந்த லாபத்துல 96, 97 சதவீதம் அல்கோ மூலமா வந்தது. அவங்க மெஷின் எக்ஸ்சேஞ்சோட கட்டடத்துக்குள்ளயே உக்காந்திருக்கு. அதுக்கு ஸ்கிரீனே கிடையாது! மனுஷன் கண்ணுல பட்டு விரல் அசைய கால் நொடி ஆகும். அதுக்குள்ள அங்க ஆயிரக்கணக்குல ஆர்டர் போய் வந்துடும். இந்தப் பந்தயத்துல 60 ஹெர்ட்ஸ்ல இருந்து 165-க்கு மாறினா ஜெயிச்சுடலாம்னு ஒருத்தன் சொன்னா, அவன் உங்களுக்கு மானிட்டர் விக்கிறவன்.

"முன்னாடி எல்லாம் சனங்க சம்பாதிக்கலையா?"ன்னு கேப்பீங்க. பார்பர், ஓடீன்னு ரெண்டு பேராசிரியருங்க 2000-ல ஒரு கட்டுரை போட்டாங்க. அமெரிக்காவுல 1991-ல இருந்து 96 வரைக்கும் 66 ஆயிரத்துக்கு மேல குடும்பங்களோட கணக்கைப் பாத்தாங்க. சந்தை வருஷத்துக்கு 17.9 சதவீதம் குடுத்துச்சு. ரொம்ப அடிக்கடி வாங்கி வித்தவங்களுக்குக் கிடைச்சது 11.4. காரணம் அறிவு கம்மின்னு இல்லை. பட்டனை அமுக்கறது ஜாஸ்தி. ஸ்கிரீன் கூடினா அமுக்கறதுக்குக் காரணமும் கூடும்னு நான் சொல்றேன்.

இப்ப எதிர்க்கட்சி வாதம். தம்பி சொன்னது நியாயமாத்தான் இருந்துச்சு. "என்னண்ணா, எங்க முதலாளி நாப்பது லட்சத்துக்கு மெஷின் வாங்கினார். தொழில்னா முதல் போடணும்ல? இது என் மெஷின்."

ஒசூர்க்காரன்கிட்ட இந்த வாதத்தை வைக்கலாமா? சரி, சிப்காட் வழிக்கே வர்றேன். உங்க முதலாளி மெஷினை எப்ப வாங்கினார்? ஆர்டர் கைக்கு வந்தப்புறம். மாசம் இத்தனை பீஸு, பீஸுக்கு இத்தனை ரூபான்னு பேப்பர்ல வாங்கிக்கிட்டு பேங்க்குக்குப் போனார். ஃபர்ஸ்ட் பீஸ் இன்ஸ்பெக்ஷன்ல பாஸாகாம ரெண்டாவது பீஸை ஓட்ட விடுவாரா? உனக்கு ஆர்டர் எங்கடா? ஃபர்ஸ்ட் பீஸ் எங்க?

அதுவும் போக, மானிட்டர் மெஷினே இல்லை. மெஷின் உலோகத்தை வெட்டும். மானிட்டர் வெறும் அளவுகோல். ஒரு ஷாஃப்டை அளக்க நல்லா காலிப்ரேட் பண்ணின ஒரு மைக்ரோமீட்டர் போதும். ஆறு மைக்ரோமீட்டர் வாங்கி வெச்சுக்கிட்டா ஜாப் டாலரன்ஸுக்குள்ள வந்துடுமா? இதை நான் சொன்னப்ப அவன் முதல் தடவையா பேசாம இருந்தான். அவனோட பாஷை அது.

டி.வி.எஸ். மோட்டார் 2002-ல டெமிங் பரிசு வாங்கினது இந்த ஊருக்காரனுக்குச் சொல்லவே வேணாம். அந்த மாதிரித் தரம் பாக்குற தொழிற்சாலையில என்ன சொல்லிக் குடுக்கறாங்க? தப்பு நடந்தா லைனை நிறுத்து. தலைக்கு மேல ஒரு விளக்கு, சிவப்பு எரிஞ்சா எல்லாரும் நிக்கணும். ஏன் தப்பாச்சுன்னு கண்டுபிடிக்காம அடுத்த பீஸு இல்லை. டிரேடிங் மேஜையில ஆறு ஸ்கிரீன் இருக்கு, அந்த ஒரு சிவப்பு விளக்கு மட்டும் இல்லை. இருக்கறது நூறு சிவப்பு கேண்டில், ஒண்ணு கூட நிக்கச் சொல்லாது.

"அப்ப ஐ.டி.க்காரன் மட்டும் ரெண்டு மானிட்டர் வெச்சுக்கலாமா?"ன்னு கேப்பான் இன்னொருத்தன். தாராளமா. நானும் வெச்சிருக்கேன். ஒண்ணுல பாத்து இன்னொண்ணுல எழுதுறதுக்கு ரெண்டு உதவும். சந்தையில இருக்கறவனுக்கும் ரெண்டு நியாயம்: ஒண்ணுல சார்ட்டு, ஒண்ணுல ஆர்டரும் பொசிஷனும். மூணாவதுக்கு என்ன வேலைன்னு ஒரே வாக்கியத்துல சொல்ல முடிஞ்சா மூணாவது வாங்கிக்கோங்க. நாலாவது, அஞ்சாவது, ஆறாவது எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு.

கோவம் எனக்கு தம்பி மேல இல்லை. இதை ஒரு கனவா வித்தவங்க மேல. இருட்டு ரூமு, நீல வெளிச்சம், ஆறு ஸ்கிரீன், முன்னாடி சுழல் நாற்காலி, "நான் வேலையை விட்ட கதை"ன்னு வீடியோ. கீழ பயிற்சி வகுப்புக்கு லிங்க். கிளாஸ் நடத்தறவருக்கு அந்த மேஜை லாபம்தான். அது டிரேடிங் பண்ற மேஜை இல்லை, டிரேடர்களைப் பிடிக்கிற மேஜை. பாடம் நடத்தறேன்ங்கற பேர்ல நேரடி விலையைக் காட்டக் கூடாதுன்னு செபி 2025 ஜனவரியில சுற்றறிக்கை விட வேண்டி வந்துச்சுன்னா, எந்த அளவுக்கு இது போயிருக்குன்னு யோசிச்சுக்கோங்க.

நம்ம பதிவர்கள்லயும் சில பேர் "என்னோட செட்டப்"னு போட்டோ போடறீங்க. உங்ககிட்ட இருக்கு, போடறீங்க, தப்புன்னு சொல்லலை. ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை போடறப்ப, பக்கத்துலயே அந்த வருஷத்தோட நிகர கணக்கையும் போடுங்க. செலவு, வரி எல்லாம் போக. பிளஸ்ஸோ மைனஸோ. மைனஸா இருந்தா இன்னும் மரியாதை. ஷிப்டு முடிஞ்சு பஸ்ஸுல வர்ற ஒரு பையன் உங்க போட்டோவை மட்டும் பாத்துட்டு நகையை எடுத்துக்கிட்டு அடகுக் கடைக்குப் போக வேணாம்.

தம்பிகிட்ட நான் கடைசியா வெச்ச நிபந்தனை இதுதான். மூணு வருஷம் முன்னாடி கேக்காம விட்ட அதே கேள்வி. "நீ இப்ப போன்ல பண்ணிக்கிட்டுத்தானே இருக்க? போன ஆறு மாசத்து கான்ட்ராக்ட் நோட்டை எல்லாம் எடுத்துட்டு வா. கட்டணம், வரி எல்லாம் கழிச்சு ஒத்த ரூபா லாபம் இருந்தா, உனக்கு ரெண்டாவது மானிட்டர் என் செலவு. நானே எஸ்.பி. ரோடு போய் வாங்கிட்டு வர்றேன். லாபம் இல்லைன்னா, திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போ. நகை பீரோவுலயே இருக்கட்டும்."

"சரிண்ணா"ன்னான். ஆறிப் போன காபியை எடுத்துக் குடிச்சான். கொட்டேஷனை டீபாய் மேலயே விட்டுட்டுப் போயிட்டான்.

பத்து நாள் ஆச்சு. கான்ட்ராக்ட் நோட்டு இன்னும் வரலை. ஷிப்டுக்குப் போறான்னு அவன் பொண்டாட்டி போன்ல சொன்னா. எத்தனை நாளைக்குப் போவான்னு எனக்குத் தெரியாது. வந்தா ஒரு மானிட்டர் செலவு, சந்தோஷமா பண்ணுவேன். வராம இருந்தா அதை விடச் சந்தோஷம்.

பி.கு. 1: உள் கிராஃபிக்ஸ், டி400, 43 இஞ்ச் 4கே பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். ஆனா "எந்த கார்டு"ன்னு கேட்டா பதிலுக்கு "நிகர கணக்கு எவ்வளவு"ன்னு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது.

பி.கு. 2: நூத்துல அந்த ஒருத்தர் நீங்களா இருந்தா, வாழ்த்துகள். எத்தனை ஸ்கிரீன் வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. என் கணிப்பு: ரெண்டுக்கு மேல இருக்காது.